பேச்சுக்கா வேலை?

படித்து முடித்தபின் நம்மில் பெரும்பாலோர் ஏற வேண்டிய முதற்படி நேர்முகத் தேர்வு. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். புன்னகை புரிய வேண்டும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் தடையின்றிச் சொல்ல வேண்டும். கணக்கெழுதும் வேலைக்கும் இதே சோதனை. கணிப்பொறி வேலைக்கும் இதே சோதனை. பத்து நிமிடப் பேச்சில் ஒருவருடைய முப்பதாண்டு உழைப்பை எடைபோட்டுவிடலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்துதான் வந்ததோ!

இந்தச் சல்லடையில் முதலில் உதிர்ந்துவிடுகிறவர்கள் ஆட்டிசம் உள்ளவர்கள். மூளை இயங்கும் முறையே அவர்களுக்குச் சற்று வேறு. பிறர் கண்ணை நோக்கிப் பேசுவது அவர்களில் பலருக்குக் கடினம். சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்வியின் உட்பொருள் எளிதில் பிடிபடாது. இரைச்சலும் கூசும் விளக்கும் நம்மை உறுத்துவதைவிடப் பன்மடங்கு உறுத்தும். அரசுத் தமிழில் இவர்களுக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பெயர். என் அண்ணனின் சான்றிதழிலும் அவ்வாறே எழுதியிருக்கிறது. எங்கள் ஊர் வழியாகச் செல்லும் ஒவ்வொரு பேருந்தின் நேரத்தையும் மனப்பாடமாகச் சொல்கிறவர் அவர். எந்தப் புற உலகத்தைப் பற்றி அவருக்குச் சிந்தனையில்லையாம்?

கணிதத்தில் பட்டம் பெற்ற அவர் ஐந்து நேர்முகத் தேர்வுகளில் தேறவில்லை. ஆறாவதாக ஓர் அச்சக முதலாளி, பேச்சை விட்டுவிட்டு, பிழைகள் மலிந்த ஒரு புரூப் தாளைக் கையில் கொடுத்தார். ஒரு பிழையும் தப்பவில்லை. அன்று முதல் அங்கே மெய்ப்புத் திருத்துகிறார். இதற்காக முதலாளி செய்த செலவு என்ன? இயந்திர ஓசை எட்டாத பின்கட்டில் ஒரு மேசை. அன்றன்றைய வேலையைச் சீட்டில் வரிசையாக எழுதித் தருவது. "சீக்கிரம் ஆகட்டும்" என்பதற்குப் பதிலாக "மூன்று மணிக்கு வேண்டும், தம்பி" என்பது. இவ்வளவே. இப்போது மற்றப் பணியாளர்களும் தங்களுக்குச் சீட்டு வேண்டுமென்று கேட்கிறார்களாம்!

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களும் உண்டு. டென்மார்க் நாட்டில் தோர்கில் சோன்னே என்பவர், தம் மகனுக்கு ஆட்டிசம் என அறிந்தபின், 2004-இல் 'ஸ்பெஷலிஸ்டர்னே' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வேலை கேட்டு வந்தவர்களிடம் அங்கே கதை கேட்கவில்லை. லெகோ கட்டைகளால் இயந்திர மனிதனைச் செய்யச் சொல்லி, வேலை செய்யும் விதத்தைக் கவனித்தார்கள். 2013-இல் எஸ்.ஏ.பி. என்னும் ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் இவர்களோடு கைகோத்தது. அதற்கு முன்பே அதன் இந்தியக் கிளையில் ஆட்டிசம் உள்ள சிலர் மென்பொருளைச் சோதிக்கும் பணியில் அமர்ந்திருந்தனர்.

இதனால் ஆட்டிசம் உள்ளவரெல்லாம் கணித மேதைகள் என்று எண்ணிவிடலாகாது. மேதைக்கு மட்டும்தான் மேசை என்றால் அதுவும் அநீதியே. நம்மைப் போன்ற சராசரிக்காரர்களுக்குச் சராசரி வேலை கிடைக்கிறதல்லவா?

"சட்டம்தான் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1 விழுக்காடு. பணியிடத்தில் தக்க வசதி செய்து தர வேண்டுமென்றும் அச்சட்டம் சொல்கிறது. ஆனால் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அதை அடையும் வழியில் பழைய சோதனையையே வைத்திருந்தால் நாற்காலி காலியாகத்தானே கிடக்கும்? ஆளின் திறனறிந்து வேலையை ஒப்படைப்பதற்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். நாமோ பேச்சின் திறனை மட்டும் அறிந்து ஒப்படைக்கிறோம்.

நம் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களிடம் வேலைவாய்ப்புக் குழு மூன்று செய்திகளைக் கேட்கலாம். கேள்விகளை முதல்நாளே எழுத்தில் தாருங்கள். ஐவர் சூழ்ந்து அமர்ந்து கேட்பதற்குப் பதில் ஒருவர் கேளுங்கள். அரைமணி நேரம் அந்த வேலையையே செய்யச் சொல்லிப் பாருங்கள். பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் வரும் பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.