நாலாவது சனிக்கிழமை ஃப்ரீயா?

'டேட்டா சயின்ஸ் படிச்சா உடனே வேலை' என்ற விளம்பரத்தைப் பார்த்து கோர்ஸுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? அதற்கு முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள் மக்களே!

சென்னையில் 'சென்னைபை' என்றொரு குழு இருக்கிறது. பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதுபவர்கள் மாதந்தோறும் நாலாவது சனிக்கிழமை கூடுகிறார்கள். கட்டணம் கிடையாது. அனுபவசாலி ஒருவர் தன் வேலையில் பட்ட பாட்டைச் சொல்வார். மாணவர்களும் கேள்வி கேட்கலாம். மேடை பயமா? 'லைட்னிங் டாக்' என்று சில நிமிடங்கள் மட்டும் பேசிப் பழகலாம்.

இதில் என்ன லாபம்? கோர்ஸில் தரும் டேட்டா பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஆபீஸில் வருவது அப்படி இருக்காது. ஒரே ஊர் ஒரு வரியில் 'தூத்துக்குடி', அடுத்த வரியில் 'டூட்டிகோரின்' என்றிருக்கும். வயது கட்டம் காலியாகக் கிடக்கும். இதைச் சரிசெய்யும் வித்தையை, தினமும் அதோடு மல்லுக்கட்டுகிறவர்தான் சொல்லித் தர முடியும்.

இங்கிலீஷ் வராதே என்று தயங்காதீர்கள். பிரேக்கில் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழிலேயே கேளுங்கள். முதல் தடவை சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாலும் தப்பில்லை. அடுத்த தடவை ஒரே ஒரு கேள்வி போதும்.

அப்புறம் அம்மா, அப்பாக்களே... சனிக்கிழமை பிள்ளை லேப்டாப்போடு கிளம்பினால், 'லீவு நாள்லயும் ஊர் சுத்தணுமா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!