இரு நிர்வாகங்களுக்கு நடுவே பயணி

கரோல் பாக்கிலிருந்து ஊருக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பத்தை, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கடக்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர்களைவிட, அந்த ரயில் நிற்கும் நடைமேடையைச் சென்றடையும் சில நூறு மீட்டர்களே அதிகம் வதைக்கின்றன. கரோல் பாக்கிற்கு மெட்ரோ வந்தது 2005 டிசம்பர் 31இல். உயர்மட்ட நிலையத்தில் ஏறி, மூன்றாவது நிறுத்தமான ராஜீவ் சௌக்கில் இறங்கி, கீழ்த்தளத்தில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் புதுதில்லி. வரைபடத்தில் பயணம் அங்கே முடிந்துவிடுகிறது. மூட்டை முடிச்சுகளோடும் முதியவர்களோடும் வருவோருக்கு அல்லல் அங்கேதான் தொடங்குகிறது.

நிலத்தடி நிலையம் அஜ்மீரி கேட் பக்கம், 16ஆம் நடைமேடையை அடுத்து இருக்கிறது. அதிலிருந்து மேலேறி வெளிவந்து, ரயில்வேயின் சோதனைக் கருவியில் பைகளை மீண்டும் வைத்தெடுத்து, நடைமேம்பாலம் ஏறி, உரிய நடைமேடைக்கு இறங்க வேண்டும். இந்த மேம்பாலத்தையும் மெட்ரோவையும் இணைக்கும், ஏறத்தாழ 240 மீட்டர் நீளமுள்ள உயர்நடைபாதை 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. நல்ல பணிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் புதுதில்லி மெட்ரோ நிலையம் செயல்படத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் அதற்காகக் காத்திருக்க நேர்ந்தது ஏன்? மெட்ரோ ஒன்றிய அரசும் தில்லி அரசும் சரிபாதிப் பங்குடன் நடத்தும் நிறுவனம். ரயில் நிலையமோ ரயில்வே அமைச்சகத்தின் கையில். இடைப்பட்ட தூரம் எவர் கணக்கிலும் வரவில்லை.

நகரும் படிக்கட்டுகள் அமைத்துவிட்டோம் என்பது ஆட்சியாளர்களின் வழக்கமான விடை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு நகரும் படிக்கட்டால் பயனில்லை. தலைச்சுமையோடு அதில் ஏறுவது ஆபத்து. பழுதாகி நின்றுவிட்டால், சாதாரணப் படிகளைவிட உயரமான அதன் படிகளில் முழங்கால் வலியோடு ஏற வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது, மேலே நிற்க இடமில்லாதபோதும் அது ஆட்களைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கும் என்பது. மின்தூக்கியும் சாய்தளமும் அகலமான படிகளும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போதிய ஊழியர்களும் இல்லாத இடத்தில் நகரும் படிக்கட்டு வெறும் அலங்காரமே.

2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்குச் செல்லத் திரண்ட கூட்டத்தில், 14, 15ஆம் நடைமேடைகளுக்கு இறங்கும் படிக்கட்டில் சிக்கி 18 பேர் மாண்டனர். ஒரு பயணியின் தலைச்சுமை விழுந்ததே நெரிசலைத் தூண்டியது என்று அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் பின்னர் மாநிலங்களவையில் விடையளித்தார். அரசின் பார்வையில் குற்றவாளி மூட்டைதான்! ஏழைப் பயணி சுமையைத் தலையில் ஏற்றாமல் வேறு எதில் ஏற்றுவார்? அன்றிரவு உடல்களைச் சுமந்து சென்றவர்களில் சிவப்புச் சட்டைச் சுமைதூக்கும் தொழிலாளர்களும் இருந்தனர். அந்தப் படிக்கட்டுகளின் குறையை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. திட்டம் தீட்டும்போது அவர்களைக் கேட்பார் எவருமில்லை.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டே நிறைவேறியது. அணுகல் தர நெறிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதியை 2024 நவம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று கூறி, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி ஆணையிட்டது.

பணம் இல்லை என்றும் சொல்ல இயலாது. புதுதில்லி, அகமதாபாத், மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் ஆகிய மூன்று நிலையங்களின் மறுசீரமைப்புக்குச் சுமார் 10,000 கோடி ரூபாயை ஒன்றிய அமைச்சரவை 2022 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. தண்டவாளங்களுக்கு மேலே விரியும் கூரைத் தளத்தில் கடைகளும் உணவகங்களும் வரவிருக்கின்றன. மின்தூக்கிகளும் அத்திட்டத்தில் உண்டு என்பது உண்மையே. கடைகளுக்கு முன்னதாக அவை வருமா என்பதே ஐயம்.

இடதுசாரி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய கேள்வி இது: புதுதில்லி மெட்ரோவின் தளத்திலிருந்து ரயில் நிலையத்தின் 16 நடைமேடைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிகூட ஏறாமல் செல்லும் வழி எந்தத் தேதிக்குள் அமையும்? அதற்குப் பொறுப்பேற்கப்போவது எந்த நிறுவனம்?