24 குடம் தண்ணீர்

எங்கள் ஓரிக்கைக்கு அந்தப் பெயர் வந்த கதையை, காஞ்சீபுரத்துக்கு ஒரு தடவையேனும் வந்து போன நேயர்கள் கேட்டிருப்பார்கள். அரசன் கணிகண்ணனை நாட்டை விட்டுப் போகச் சொன்னான். சிஷ்யன் போனால் நானும் போகிறேன் என்று திருமழிசை ஆழ்வார் கிளம்பினார். ஆழ்வாரே போன பிறகு எனக்கு மட்டும் இங்கே என்ன வேலை என்று பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் ஓர் இரவு இருந்த இடம் "ஓரிரவிருக்கை". அதுவே தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று என்பது ஸ்தல புராணம். இந்தப் பிரயாணத்தில் படுக்கையைச் சுருட்டிய செய்தி இருக்கிறது; செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்ட செய்தி இல்லை. பாலாறு பக்கத்திலேயே ஓடும்போது தண்ணீரை யார் சுமப்பார்கள்?

பாலாறு மணலாகிவிட்ட இந்நாளில், பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர் கூடப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறார். அப்படியானால், சுற்றிலும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்துக்குப் போகிறவர் எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும்? சமுத்திரத்தைத்தான் சொல்கிறேன். அதுவும் நீராவிக் கப்பலோ எண்ணெய்க் கப்பலோ அன்று. பாய் விரித்துக் காற்றை நம்பிப் போகும் சிறு படகு.

2024-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி கோவாவிலிருந்து "தாரிணி" என்ற பாய்மரப் படகு புறப்பட்டது. 56 அடி நீளம். அதில் இருந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் நமது கடற்படை அதிகாரிகள், இருவரும் பெண்கள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் நமது புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. எட்டு மாதம் கழித்து, 2025 மே 29-ந் தேதி, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கோவாவுக்கே திரும்பினார்கள். நடுவில் நான்கு துறைமுகங்களில்தான் கரை தொட்டார்கள். நியூஜிலாந்திலுள்ள லிட்டெல்டனை விட்டு ஜனவரித் தொடக்கத்தில் புறப்பட்டவர்கள், கேப் ஹார்ன் என்ற பயங்கர முனையைச் சுற்றிக்கொண்டு பிப்ரவரி மாதத்தில் பாக்லந்துத் தீவின் ஸ்டான்லி துறைமுகத்தைச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதம் மண்ணை மிதிக்கவில்லை.

அவர்களுடைய தைரியத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. நான் பள்ளிக்கூடத்து வாத்தியார்; எனக்குக் கணக்கில்தான் புத்தி போகிறது. குடிக்கவும் சமைக்கவுமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்பது பாய்மரப் பிரயாணிகள் வழக்கமாகப் போடும் திட்டம். இரண்டு பேர், 45 நாள்: 360 லிட்டர். நமது வீட்டுக் குடம் 15 லிட்டர் பிடித்தால் 24 குடம். ஊரில் கேன் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு 18 கேன் என்றால் சட்டென்று விளங்கும். அது மட்டுமா? 360 லிட்டர் என்றால் 360 கிலோ. ஐந்தாறு பெரிய மனிதர்கள் ஒன்றும் பேசாமல் படகின் அடியில் உட்கார்ந்து பிரயாணம் செய்வது போல. குளிப்பதும் துவைப்பதும் இதில் சேரவில்லை.

என் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது ஒரு பையன், "கடல் முழுவதும் தண்ணீர்தானே, ஸார்?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நமது சிறுநீரகத்தினால் அவ்வளவு காரமாக உப்பைத் திரட்டி வெளியே தள்ள முடியாது. ஆகையால் ஒரு டம்ளர் கடல்நீரைக் குடித்தால், அதன் உப்பைக் கழுவி விடுவதற்கு உடம்பு ஒரு டம்ளருக்கு மேற்பட்ட தண்ணீரைச் செலவிட வேண்டி வருகிறது. கடனை அடைக்க அதைவிடப் பெரிய கடன் வாங்குகிறவன் கதைதான்.

இனி, 24 குடத்தையும் எங்கே வைப்பது? ஒரே பெரிய தொட்டியாக வைத்துவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். அதுதான் அபாயம். தண்ணீர் பாரமானது, பாரத்தைக் கீழே, படகின் அடிமரத்தை ஒட்டி வைக்க வேண்டும். தண்ணீர் அசையும் பாரமும் கூட. பாதி காலியான தொட்டியில் அலை அடிக்க ஆரம்பித்தால், படகு ஒரு பக்கம் சாயும்போது உள்ளே இருக்கிற தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வை அதிகமாக்கும். இடுப்பில் குடம் சுமந்து வரும் பெண்கள் தண்ணீர் தளும்பாமல் இருக்க மேலே ஓர் இலைக்கொத்தைப் போட்டுக்கொள்வதை முன்பெல்லாம் கிராமங்களில் பார்க்கலாம். படகுக்காரர் அதையே தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புப் பலகைகளாக வைக்கிறார்.

அப்படியும் தொட்டி ஒன்றாக இருத்தல் ஆகாது. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என்று பிரித்து, நடுவே குழாய் வைத்து, அந்தக் குழாய்க்கு ஒரு அடைப்பானும் வைப்பார்கள். அந்த அடைப்பான் திறந்திருந்தால், படகு காற்றில் சாய்ந்து போகிற நாட்களில் மேல்பக்கத்துத் தண்ணீரெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் கீழ்ப்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரியது: ஒன்று கெட்டால் மற்றொன்றும் கெடாதிருக்க வேண்டும்.

இதற்குச் சாட்சி சொல்ல ஒரு படகு இருக்கிறது. "சுஹைலி" என்று பெயர். 32 அடி நீளம். தேக்கு மரத்தில் நமது பம்பாயில் கட்டப்பட்டது. 1968 ஜூன் 14-ந் தேதி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் அதில் தன்னந் தனியாக இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார். எந்தத் துறைமுகத்தையும் தொடாமல், யாரிடமும் எதையும் வாங்காமல் உலகத்தைச் சுற்றி வருவதாகப் போட்டி. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே பெருங்கடலில் ஒரு புயல் சுஹைலியைப் புரட்டிப் போட்டது. படகு நிமிர்ந்துகொண்டது. ஆனால் சில நாட்களுக்குப் பிறகுதான் தொட்டித் தண்ணீர் கெட்டுவிட்டது தெரிந்தது. வாயில் வைக்க முடியவில்லை. பக்கத்தில் துறைமுகம் உண்டு. போனால் போட்டி போயிற்று. அவரைக் காப்பாற்றியவை இரண்டு: தொட்டியை நம்பாமல் தனியே கேன்களில் வைத்திருந்த கொஞ்சம் தண்ணீர், மேலே இருக்கிற மேகம். மழையைப் பாயில் பிடித்துக் குடித்துக்கொண்டே 312 நாள் ஓட்டி, 1969 ஏப்ரல் 22-ந் தேதி ஊர் திரும்பினார். ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

இதைச் சொன்னபோது, தறி நெய்யும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்கள் அம்மா மூலையில் இரண்டு குடத்தை மூடி வைத்து, அதைத் தொட்டால் கை முறிந்துவிடும் என்பாள், ஸார்" என்றாள். லாரி வராத நாளுக்காக வைத்த குடங்கள் அவை. அந்த அம்மாளை எந்தக் கப்பலுக்கும் தயங்காமல் தண்ணீர் அதிகாரியாக நியமிக்கலாம்.

மழை பிடிப்பதிலும் ஒரு முறை உண்டு. வாரக் கணக்கில் உப்புக் காற்றில் நின்ற பாய் உப்புப் பூத்திருக்கும். முதல் மழை அதைக் கழுவிப் போக வேண்டும். நமது ஓட்டு வீட்டுக் கூரையில் முதல் மழையைத் தாழ்வாரத்துக்கு வெளியே விட்டுவிட்டு, இரண்டாவதற்கு அண்டா வைப்பதில்லையா, அதே சங்கதி. பிறகு பாயின் அடிப்புறம் மடிப்பு விழும்படி தளர்த்தி, வழியும் நீரை வாளியில் ஏந்துவார்கள். வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே தொட்டிக்கு அனுப்ப வேண்டும். பிடித்ததை உடனே தொட்டியில் கொட்டிவிடுகிறவன், உள்ளே இருக்கிற நல்ல தண்ணீரையும் சேர்த்து உப்பாக்கிவிடுவான். கரையில் குழாயிலிருந்து நிரப்பும்போதும் இதே விதிதான். அங்கே இன்னோர் ஆபத்தும் உண்டு: பல படகுகளில் எண்ணெய் ஊற்றும் வாயும் தண்ணீர் ஊற்றும் வாயும் மேல்தட்டில் அண்ணன் தம்பி போல ஒரே சாயலாக இருக்கும்.

செலவழிப்பதில் ஒரே ஒரு சாமானைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். படகிலும் இப்பொழுது வீட்டைப் போல மின்சாரப் பம்பு வைத்துக் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும்படி செய்துகொள்கிறார்கள். எங்கேயாவது ஒரு குழாய் மூட்டுக் கழன்றால், ராத்திரி எல்லோரும் தூங்கும்போது பம்பு தானாக ஓடித் தொட்டியைப் படகின் அடியில் காலி செய்துவிட்டு ஓயும். பழைய மாலுமிகள் காலால் மிதிக்கும் பம்பைத்தான் நம்புவார்கள். மிதித்தால் வரும், மிதிக்காவிட்டால் வராது. ஒவ்வொரு டம்ளருக்கும் உழைக்க வேண்டியிருந்தால் யாருக்கும் தண்ணீரை வீணாக்க மனம் வராது. பாத்திரம் தேய்க்கக் கடல்நீர், உருளைக்கிழங்கு வேகவைக்கக் கடல்நீர்; சோற்றுக்குக் கூட ஒரு பங்கு கடல்நீரைக் கலந்து உப்பை மிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரர்கள் உண்டு.

"கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்தக் குடக்கணக்கு?" என்று சில நேயர்கள் கேட்கக் கூடும். வாஸ்தவம். சென்னைக்கு மீஞ்சூரில் 2010-ஆம் வருஷத்திலும் நெம்மேலியில் 2013-ஆம் வருஷத்திலும் வைத்த ஆலைகளின் குட்டி வடிவம் படகிலும் வைக்கலாம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. பெட்டியின் பெரியப்பா என்று சொல்லலாம். மோட்டார் வண்டிச் சக்கரத்துக் காற்றைப் போல இருபது, முப்பது மடங்கு அழுத்தத்தில் கடல்நீரை மெல்லிய சவ்வின் மேல் தள்ளினால், நீர் கசிந்து வரும்; உப்பு பின்தங்கும். ஆனால் அந்தச் சவ்வு மிகவும் கோபக்காரச் சம்பந்தி. எண்ணெய் மிதக்கும் துறைமுகத்து நீர் அதற்கு ஆகாது. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் ஆகாது. சும்மா கிடந்தாலும் பாசி பிடித்துக் கெடும். மின்சாரம் வேறு வேண்டும். ஆகவே இயந்திரம் உள்ளவர்களும், அது இன்றைக்கே நின்றுவிட்டால் அடுத்த கரை வரைக்கும் போதுமா என்று தொட்டியைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஆலைகளும் இருக்கும்போதுதான் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

இயந்திரம் பிறப்பதற்கு முன்பே நம்மவர் சமுத்திரம் தாண்டியிருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய "அன்னபூரணி அம்மாள்" என்ற பாய்மரக் கப்பலை, ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாக ஓட்டிச் சென்று, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938-ஆம் வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அந்தக் கப்பலுக்கு அன்னபூரணி என்று பேர் வைத்தவர்கள், சோற்றுக்கு முந்தித் தண்ணீர் வேண்டும் என்பதை அறியாதவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதை செய்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. தண்ணீர் படகில் இருப்பது வேறு. வாய்க்கு எட்டுவது வேறு.

சுஹைலியைப் போலவே "துரியா" என்று ஒரு படகைக் கோவாவில் கட்டி, நமது கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டோமி 2018-ஆம் வருஷம் தனியாகப் புறப்பட்டார். 1968-ல் இருந்த சாதனங்களைக் கொண்டே உலகைச் சுற்ற வேண்டும் என்ற போட்டி அது. ஏற்கெனவே 2012-13-ல் "மாதேயி" படகில் மும்பையிலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் ஐந்து மாதத்தில் உலகைச் சுற்றி வந்தவர். தண்ணீர்க் கணக்கு அவருக்குப் புதிதல்ல. செப்டம்பர் 21-ந் தேதி தெற்கு இந்து மகா சமுத்திரத்தில் புயல் துரியாவைப் புரட்டிற்று. பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. படுக்கையிலிருந்து அசைய முடியவில்லை. அவர் அனுப்பிய செய்தியில், நடக்க முடியவில்லை, உண்ணவோ குடிக்கவோ முடியவில்லை, அவசரப் பையைக் கூட எட்டுவது கஷ்டம் என்று கண்டிருந்தது. படகு மூழ்கவில்லை, சாமான்கள் அதற்குள்ளேதான் இருந்தன. சில அடி தூரந்தான். அந்தச் சில அடி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு இருந்த 1,900 கடல் மைலுக்குச் சமானமாகிவிட்டது. பிறகு கொஞ்சம் குளிர்ந்த தேநீர் குடிக்க முடிந்தது என்று செய்தி வந்தது; வயிற்றில் தங்கவில்லை. "ஓசிரிஸ்" என்ற பிரெஞ்சுக் கப்பல் மூன்றாம் நாள், 24-ந் தேதி, வந்து அவரை எடுத்தது.

படுக்கையில் கிடந்தபடியே கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கயிற்றால் கட்டி வைக்க எவ்வளவு இடம் பிடிக்கும்? 24 குடக் கணக்கில் அந்த ஒரு லிட்டரை நான் முதலில் எழுதுவேன். மற்றவை அதன் கீழே.

டோமி குணமடைந்து, 2022 செப்டம்பரில் அதே போட்டிக்கு மறுபடியும் புறப்பட்டார். 2023 ஏப்ரல் 29-ந் தேதி இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.