ஆப் இருந்தா போதுமா?

"தற்கொலை எண்ணமா? இந்த ஆப்பை டவுன்லோட் பண்ணுங்க"ன்னு ஃபார்வர்ட் பண்றீங்களே, ஒரு நிமிஷம்.

இணையவழி சிகிச்சைகள் எண்ணத்தை ஓரளவு குறைக்கின்றன, மறுக்கல. மரணத்தைக் குறைக்குதா? அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

எங்க வார்டில் போன வாரம் பிழைச்ச அக்காவுக்குச் சொந்தமா போனே கிடையாது. வீட்டுக்காரர் போன்தான். அதிலயா ஆப் ஏத்துறது?

2008ல வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு, சென்னையும் அதில் உண்டு. முயற்சி செய்து பிழைத்தவர்களிடம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து பேசி, பிறகு 18 மாதத்தில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரிச்சாங்க. அவ்ளோதான். தற்கொலை மரணம் அவங்கள்ல 0.2%, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவங்கள்ல 2.2%.

அந்த அக்கா வீட்டுக்குப் போய் "தூங்குனீங்களா"ன்னு கேட்க எங்ககிட்ட ஆள் இல்லை. ஆப்புக்குக் காசு ஒதுக்குறவங்க முதல்ல அந்தப் பணியிடத்தை உருவாக்குங்க.

(இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தா: 14416. டெலி மானஸ், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.)