சாயம் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோமா?

தோட்டத்தை விட்டு வெளியேறும் நம் தோழர்கள், சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் தரகர் காட்டும் மாடி வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். சுவரின் சாயத்தைப் பார்க்கிறார்கள். குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். பட்டாவை மட்டும் கேட்பதில்லை.

பட்டாவில் 'பஜாக்கான்' என்றிருந்தால் அது குத்தகை நிலம். தவணை நீங்கள் வாங்கும் நாளிலிருந்து தொடங்குவதன்று; அரசாங்கம் நிலத்தை வழங்கிப் பதிந்த நாளிலிருந்தே ஓடுகிறது. 1980-ல் 60 ஆண்டுக்கு வழங்கிய நிலம் 2040-ல் முடியும். 2025-ல் வாங்கியவருக்கு மிச்சம் 15 ஆண்டே! வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். பிள்ளைக்கு எதை எழுதிவைப்பது? தவணை முடிந்தால், தேசிய நிலச் சட்டப்படி நிலம் மாநில அரசுக்குத் திரும்பிவிடும். நீட்டிக்க மனுச் செய்யலாம், பிரிமியம் கட்டவேண்டும், கொடுப்பதும் மறுப்பதும் மாநிலத்தின் கையில்.

'செக்காத்தான் கெப்பெந்திஙான்' என்ற வரியையும் பாருங்கள். மாநில அரசின் சம்மதமின்றிக் கைமாற்றக் கூடாதென்று அங்கே இருந்தால், சம்மதம் வரும்வரை பெயர் மாறாது. கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்புமா? அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்குத் தனி ஸ்ட்ராத்தா பட்டா உண்டா என்றும் கேளுங்கள்.

1877-ல் நட்ட ரப்பர் மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கோலா கங்சாருக்குப் போகிறோம். அதே ஊர் நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டிப் பட்டா விவரம் எடுக்க மட்டும் நமக்குக் கால் வருவதில்லை!

மலாய் வாசகம் விளங்காதவர்களுக்குக் கிராணிமார் படித்துச் சொல்லவேண்டும். இது என் வேலையல்ல என்று ஒதுங்குவது நியாயமன்று. பட்டா விவரத்தைக் கிளைச் செயலாளரிடம் காட்டாமல் எந்த உறுப்பினரும் முன்பணம் கட்டலாகாதென்று கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடட்டும்.