கேமரா இருக்கட்டும், நிதானம் இருக்கா?

ஹைதராபாதில் நம்மவர்களுக்கு வயிற்றுக் கோளாறு என்றால் ஏஐஜி பெயர்தான் முதலில் வாயில் வரும். டாக்டர் நாகேஷ்வர் ரெட்டி (2025-ல் பத்ம விபூஷண்) தொடங்கியது. கொலனோஸ்கோபி என்றதும் அடுத்த கேள்வி, "என்பிஐ கேமராவா?"

நல்ல கேள்விதான். புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்பை முன்பே எடுத்துவிட்டால் பிழைத்தோம். தட்டையான பாலிப் சாதா வெள்ளை வெளிச்சத்தில் தப்பலாம். நீலச் சாயம் தெளித்தால் ஓரம் தெரியும், ஆனால் நேரமாகும். என்பிஐ சாயமில்லாமல், நீல, பச்சை ஒளியிலேயே ரத்தக் குழாய்களைத் துலக்கிக் காட்டும். செயற்கை நுண்ணறிவு சந்தேகமான இடத்தில் கட்டம் போடும்.

ஆனால் கேமரா முன்னால் வராத மடிப்பை எதுவும் காட்டாது. குழாயை வெளியே இழுக்கும்போது 6 நிமிடமாவது எடுத்துக்கொண்ட டாக்டர்களே அதிகம் கண்டுபிடித்தார்கள் என்றது 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு.

பேங்க் பாஷையில் சொன்னால், ஆடிட்டரின் கண்ணாடி விலையா முக்கியம்? லெட்ஜரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாரா என்பதல்லவா!

ஆகவே மக்களே, பேதி மருந்தை மிச்சம் வைக்காமல், சொன்ன நேரப்படி குடியுங்கள். "நூறு பேரைப் பார்த்தால் எத்தனை பேரிடம் இந்த மாதிரி பாலிப் கண்டுபிடிக்கிறீர்கள் டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேமரா மாடலை அப்புறம் விசாரிக்கலாம்.