தண்டனையில் தள்ளுபடி!

தரையில் விழுந்து கிடந்தவருக்கு லத்தியால் 50-க்கும் மேற்பட்ட அடி. காலால் உதை வேறு. கன்னத்து எலும்பும் கணுக்காலும் முறிந்தன. அடித்தது ரவுடிகள் அல்ல, சாட்சாத் போலீசார்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1991 மார்ச் 3-ந் தேதி நள்ளிரவு தாண்டி நடந்த சங்கதி இது. அடிபட்டவர் ராட்னி கிங் என்ற கறுப்பர். அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவர் அதை வீடியோ எடுத்துவிட்டார். உலகமே பார்த்தது.

ஆனால், கலிபோர்னியா மாநில கோர்ட்டில் 1992 ஏப்ரல் 29-ந் தேதி ஜூரிகள் சொன்னது என்ன? 4 போலீசாரையும் குற்றவாளி என்று சொல்ல அவர்களுக்கு மனசு வரவில்லை! (ஒருவர் மீதான ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிகளுக்குள் இழுபறி.) அன்று மாலையே ஊர் பற்றி எரிந்தது. கலவரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடை கண்ணி எல்லாம் சாம்பல். பாவம், கடைக்காரன் என்ன தப்பு செஞ்சான்?

அதற்குப் பிறகுதான் மத்திய சர்க்கார் வழக்கைக் கையில் எடுத்தது. ஒரே அடிக்கு ரெண்டு கேசா என்று கேட்கலாம். அங்கே மாநில சட்டம் வேறு, மத்திய சட்டம் வேறு. சர்க்கார் கொடுத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருவரின் உரிமையைப் பறித்தாயா என்பதுதான் மத்திய கோர்ட்டில் கேள்வி. நியாயமான கேள்வி!

1993 ஏப்ரலில் சார்ஜெண்ட் ஸ்டேசி கூன், போலீஸ்காரர் லாரன்ஸ் பவல் இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மற்ற இருவர் விடுதலை. கூன் லத்தி வீசியவர் அல்ல. மேலதிகாரியாக நின்றுகொண்டு, அடித்தவர்களைத் தடுக்கவில்லை. அதற்குத்தான் தண்டனை.

எவ்வளவு தண்டனை? விதிமுறைக் கணக்குப்படி 70 முதல் 87 மாதம். ஜட்ஜ் ஜான் டேவிஸ் கொடுத்தது 30 மாதம்!

கிங் குடித்துவிட்டு கார் ஓட்டினார், நிறுத்தாமல் ஓடினார் என்று ஒரு கழிவு. தப்புதான். அபராதம் போடு, லைசென்சைப் பிடுங்கு. யார் வேண்டாம் என்றது? ஜெயிலில் மற்ற கைதிகளால் ஆபத்து வரும், இரண்டு விசாரணை என்று அலைந்தார்கள், இனி இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றெல்லாம் இன்னொரு கழிவு. அதோடு, உத்தியோகம் போய்விடுமாம்!

இதைத்தான் நம்மால் ஜீரணிக்க முடியவில்லை. கல்லாவில் கை வைத்த குமாஸ்தாவுக்கும்தான் வேலை போகிறது. அதற்காக எந்தக் கோர்ட்டு அவனுக்கு மாதக் கணக்கைக் குறைக்கிறது? காக்கிச்சட்டையோ, நீலச்சட்டையோ, அந்த உடுப்பு இருந்ததால்தானே அடிக்கவே முடிந்தது?

1996-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும், வேலை போனதையும் இனி செய்யமாட்டார்கள் என்பதையும் காட்டி தண்டனையைக் குறைத்தது சரியல்ல என்றது. மற்றக் கழிவுகளை ஏற்றுக்கொண்டது. வழக்கு மறுபடி அதே ஜட்ஜிடம் போனது. அதற்குள் இரண்டு பேரும் தண்டனையை முடித்து வெளியே வந்தாயிற்று. ஜட்ஜும் அந்த 30 மாதமே போதும் என்று சொல்லிவிட்டார்.